ஹல்வோர் பாக்கன் பேருக்கு வந்த பெட்டி

சாஸ்கட்சவன், பண்ணை வீடு
7 அக்டோபர் 1907, திங்கள்

ஈவருக்கு,

உன் பல் ஒன்று எங்கள் அடுப்படியில் கிடந்தது. காலையில் பெருக்கும்போது விளக்குமாற்றில் மாட்டியது. காகிதத்தில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மேசை விரிப்பை இரண்டு தரம் துவைத்தேன், ரத்தக் கறை போகவில்லை. அம்மா நார்வேயிலிருந்து கொண்டுவந்த விரிப்பு அது.

தோர்வால்ட் உன்னை அடித்தது தவறு என்று எழுதமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் உட்கார்ந்து, அக்கா புருஷன் வளர்த்த பன்றியைத் தின்றுகொண்டே, "மச்சான், ஸ்டேஷன் முறைப் புத்தகத்துல பேரு எழுதுங்க, நல்லா எழுதுங்க. ரயில் பெட்டி மட்டும் வராது" என்று சிரித்தால் வேறென்ன கிடைக்கும்? சிரித்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். "போன வருஷம் உங்க கோதுமைய மூணாம் தரம்னு போட்டதே நான்தான், அதுக்கு என்ன இப்ப?" என்றாய் பார், அப்போதுதான் எழுந்தார். அவர் எழுந்திருக்காவிட்டால் நான் எழுந்திருப்பேன். என் கையில் கறிக்கத்தி இருந்தது.

சொல்ல வந்தது வேறு. புதன்கிழமை தோர்வால்ட், மக்கரெய், இன்னும் ஏழு வீட்டுக்காரர்கள் ஸ்டேஷனுக்கு வந்து சரக்குப் பெட்டிக்குப் பேர் எழுதப்போகிறார்கள். யார் முன்னால் எழுதினாரோ அவருக்கு முன்னால் பெட்டி, அதுதான் சட்டம். பெட்டி வந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சரக்கு ஏற்றும் மேடையில் வண்டியை நிறுத்தி, எங்கள் கோதுமையை நாங்களே வாரிப் போட்டு, ஏரித் துறைமுகத்துக்கு நாங்களே அனுப்பிக்கொள்வோம். கோதுமையை வாங்கிச் சேர்த்து ஏற்றும் உன் கம்பெனியின் தானியக் கோபுரத்துக்குக் கூலி, கழிவு, தூசு என்று ஒரு படிகூட அழப்போவதில்லை.

டிசம்பரில் ஏரி உறைந்துவிடும். அதற்குள் எங்கள் கோதுமை போகவேண்டும். போகாவிட்டால் மறுபடி உன் காலடியில்தான் கொட்டவேண்டும். அப்படிக் கொட்டினால் அடுத்த விதைப்புக்கு இந்த நிலத்தில் நாங்கள் இருக்கமாட்டோம். இது உனக்கு நன்றாகவே தெரியும்.

அந்தப் புத்தகத்தில் நீ கை வைக்காதே.

மாரித்

*

கம்பெனிக் கோபுரம்
10 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

பல் வந்து சேர்ந்தது. தபாலைக் கடையிலேயே பிரித்துத் தொலைத்தேன், கடைக்காரர் பெண்சாதி போட்ட கூச்சலில் ஒரு குதிரை மிரண்டு ஓடியது. இந்த ஊரில் பல் வைத்தியர் இல்லை. குதிரை வைத்தியரிடம் காட்டினேன். "நல்ல பல்லு, நாலு வயசுக் குதிரைன்னு சொல்லலாம்" என்றார்.

மச்சானுடைய கைவரிசை எனக்குப் புதிது இல்லை. பத்தொன்பது வயதில் வந்தேன். மூன்று வருஷம் அவர் வயலில் கல் பொறுக்கினேன், கிணறு தோண்டினேன், அவர் எருதோடு எருதாக இழுத்தேன். கூலி கேட்டபோது, "சோறு போடுறேனேடா" என்றார். நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கம்பெனி எனக்கு அறை கொடுத்திருக்கிறது, கணப்பு கொடுத்திருக்கிறது, என்னை மிஸ்டர் பாக்கன் என்று கூப்பிடுகிறது. நான் யார் பக்கம் நிற்பேன் என்று நினைத்தாய்?

நேற்று மச்சான் வந்து எழுதிவிட்டுப் போனார். நாற்பத்திரண்டாவது பேர் அவருடையது. அவருக்கு முன்னால் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். எப்படி இருக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதே.

இன்னொன்று. எங்கள் மேலாளர் ரெட்மண்ட் மரம் வெட்டும் முகாமிலிருந்து மூன்று ஆட்களைக் கொண்டுவந்திருக்கிறான். மூட்டை தூக்க வந்ததாகச் சொல்கிறான். மூன்று பேரும் இதுவரை ஒரு மூட்டையைத் தொடவில்லை. மச்சானை ஸ்டேஷன் பக்கம் தனியாக அனுப்பாதே. நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம், சொன்னால் வேண்டுமென்றே வருவார்.

ஈவர்

*

24 அக்டோபர்

ஈவர்,

திங்கட்கிழமை ஆறு பெட்டி வந்தது. ஆறும் கோபுரத்துக்குப் போயின. இதை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை, நீதானே நிரப்பினாய்.

தோர்வால்ட் நேராக ஸ்டேஷன் மாஸ்டர் பிங்ஹாமிடம் போயிருக்கிறார். மக்கரெய்யும் கூட.

"புத்தகத்தக் காட்டுங்க."

"அது ரயில்வே சொத்துய்யா."

"யாரு வேணா பாக்கலாம்னு சட்டத்துல இருக்கு. காட்டுறீங்களா, நானே எடுத்துக்கட்டுமா?"

பிங்ஹாம் காட்டினார். மக்கரெய் ஒரு மாவுப் பையின் பின்பக்கம் எல்லாப் பேரையும் எழுதிக்கொண்டிருந்தபோது உன் ரெட்மண்டின் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். "விவசாயிக்கு எதுக்குடா படிப்பு?" என்று ஒருவன் கேட்டானாம். தோர்வால்டை இழுத்துக்கொண்டுபோய், நின்றிருந்த பெட்டியின் வாசலில் அவர் வலது கையை வைத்து, இழுவைக் கதவைத் தள்ளிச் சாத்தினார்கள். திறந்தார்கள். மறுபடி சாத்தினார்கள். பிங்ஹாம் எழுந்து தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டாராம்.

இரண்டு விரல் அங்கேயே போய்விட்டன. மூன்றாவது தோலில் தொங்கிக்கொண்டு வந்தது. ஆட்டு மயிர் வெட்டும் கத்திரியால் அதை நான் வெட்டினேன். அவர் கத்தவில்லை. "சீக்கிரம் வெட்டு மாரித், குதிரைக்குத் தண்ணி காட்டணும்" என்றார். வெட்டி முடித்தேன். அந்த மூன்று பேரின் கழுத்தையும் அதே கத்திரியால் அறுக்கத் தோன்றியது, இன்னும் தோன்றுகிறது.

மாவுப் பை என் முன்னால் இருக்கிறது. முதல் பேர் போன வருஷமே ஊரைவிட்டு ஓடியவன். மூன்றாவது பேர் பிரசவத்தில் செத்த லுண்ட் வீட்டுக்காரி, ஆம்பிளைப் பேராக்கி எழுதியிருக்கிறது. ஏழாவது பேர் ஹல்வோர் பாக்கன்.

நம் அப்பா டகோட்டாவில் கல்லுக்கு அடியில் படுத்துப் பதின்மூன்று வருஷமாகிறது. அவர் எப்போது கோதுமை விதைத்தார்? அடுத்தவன் நிலத்தில் அறுத்தே செத்தார். தன் பேரை எழுதும்போது கடைசி எழுத்தை இழுத்து ஒரு கொக்கி போடுவாரே, மக்கரெய் விவரம் தெரியாமல் அந்தக் கொக்கியையும் அப்படியே வரைந்துகொண்டு வந்திருக்கிறார். உலகத்தில் அந்தக் கொக்கியை எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான்.

செத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டுவந்து என் புருஷனுக்கு முன்னால் வரிசையில் நிற்கவைத்திருக்கிறாய். தூ.

மாரித்

*

27 அக்டோபர்

அக்கா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நான்தான் எழுதினேன். ஒரே மதியத்தில் நாற்பத்தொரு பேர் வேண்டும் என்றான் ரெட்மண்ட். விஸ்கியும் வைத்தான். ஓடிப்போனவர்கள், செத்தவர்கள் என்று யோசித்து யோசித்து ஆறு எழுதினேன். பிறகு ஒன்றும் ஓடவில்லை, கை அப்பா பேரை எழுதிவிட்டது. எழுதியபோது நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கே புரியவில்லை. அவர் பேரில் ஒரு சாண் நிலம் கிடையாது, ஒரு பெட்டியாவது இருக்கட்டும் என்று குடிகாரப் புத்திக்குத் தோன்றியதோ என்னவோ.

மச்சான் கையை நசுக்கியபோது நான் கோபுரத்து மேல் ஜன்னலில் இருந்தேன். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுத நினைத்தேன். கேட்டது. நான் இறங்கவில்லை. உனக்குத் துப்பத் தோன்றினால் துப்பிக்கொள்.

ரெட்மண்ட் ஒன்று சொல்கிறான். மச்சான் தன் பேரை மட்டும் அடித்துவிட்டால் உங்கள் கோதுமை முழுவதையும் ஒன்றாம் தரமாக எடுத்துக்கொள்கிறானாம். மற்ற எட்டு வீடும் எப்படியோ போகட்டும். எடுத்துக்கொள் அக்கா. அடுத்த பெட்டி வியாழக்கிழமை வருகிறது, அது அப்பா பேருக்கு. அதையும் நாங்கள்தான் நிரப்பப்போகிறோம், அதற்கடுத்ததையும். நீங்கள் ஜெயிக்க வழியே இல்லை.

பொய்ப் பேர் எழுதியது நான் என்று போலீஸுக்குப் போகாதே. எனக்கு ஜெயில்தான்.

ஈவர்

*

29 அக்டோபர்

ஈவர்,

அப்பா பேருக்கு வரும் பெட்டியை நான் ஏற்றப்போகிறேன்.

ஹல்வோர் பாக்கன் செத்துவிட்டார், அவருடையது எதுவானாலும் அவர் பிள்ளைகளுக்கு. அப்பா பேர் போட்ட என் ஞானஸ்நானச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அந்த ஹல்வோர் இவர் இல்லை என்று ரெட்மண்ட் சொல்லட்டும். பின்னே எந்த ஹல்வோர், எங்கே அவர் பண்ணை, யார் எழுதியது என்று நான் கேட்பேன். அவனால் வாயைத் திறக்கமுடியாது.

வியாழக்கிழமை விடிந்ததும் ஒன்பது வண்டியும் மேடையில் நிற்கும். பாதி எங்கள் கோதுமை, பாதி மற்றவர்களுடையது.

வாரிசில் பாதி நீ. தானியம் அள்ளும் வாரியை எடுத்துக்கொண்டு வா. வரமாட்டாயென்றால் கோபுரத்திலேயே இரு, வாயை மட்டும் மூடிக்கொள். மக்கரெய் உனக்கு எழுதவே கூடாது என்றார். நான்தான், "அவன் எந்தம்பி, அவ்வளவு கீழ போகமாட்டான்" என்றேன்.

மாரித்

*

ரெஜைனா சிறை
14 நவம்பர்

அக்கா,

மச்சானை அடக்கம் செய்த அன்று என்னைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். சர்ச் வாசல் வழியாகத்தான் வண்டி போனது. நீ திரும்பிப் பார்க்கவில்லை.

வழக்கு டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை. ரெட்மண்டின் மூன்று ஆட்களும் ஒரே வாயாகச் சொல்லப்போகிறார்கள், நான் பின்னாலிருந்து வந்து காரணமில்லாமல் அவன் மண்டையை உடைத்தேன் என்று. மக்கரெய் கோடரிக் காம்படி பட்டு அப்போதே விழுந்துவிட்டார், மற்றவர்கள் மேடைக்கு அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் கோதுமைமேல் நின்றவள் நீ ஒருத்திதான். நீ பார்த்தது என்ன என்று உனக்கு ஒழுங்காக எழுதி அனுப்பச் சொன்னான் வக்கீல். எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பெட்டி பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. ரெட்மண்ட் பிரேக்கைத் தளர்த்திவிட்டுச் சக்கரத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். மச்சான் சக்கரத்துக்குக் கட்டை வைக்க மேடைக்கும் பெட்டிக்கும் நடுவில் குதித்தார். ஒரு கைதானே அவருக்கு. கட்டையை ஒரே கையால் திருப்பினார், அது நழுவிவிட்டது. பெட்டி நகர்ந்தது. அவர் நெஞ்சு மேடை விளிம்புக்கும் பெட்டிக்கும் இடையில் மாட்டியது. அந்தச் சத்தம் எனக்குக் கோபுரத்து வாசலுக்குக் கேட்டது. இந்தத் தடவை நான் ஓடி வந்தேன்.

நான் அடித்தபோது ரெட்மண்ட் கையில் கடப்பாரை இருந்தது, இன்னும் நெம்பிக்கொண்டிருந்தான். நீ சொல்லவேண்டியது இதுதான். கடப்பாரை கையில் இருந்தால் மச்சானைக் காப்பாற்ற அடித்தேன் என்று ஆகும். அவன் அதைக் கீழே போட்டுவிட்டு நடந்திருந்தால் தூக்கு.

மூன்று முறை அடித்தேன். முதல் அடியிலேயே அவன் விழுந்துவிட்டான். கண்ணுக்கு மேலே மண்டை முட்டை ஓடு மாதிரி உள்ளே போனது. அப்புறம் எதற்கு இரண்டு என்று வக்கீல் கேட்கிறான். ஒன்று மச்சான் கைக்கு, ஒன்று எனக்கு என்று சொன்னேன். கோர்ட்டில் இப்படி உளறாதே என்றான்.

பெட்டி சரிவில் உருண்டு தண்டவாளம் முடிகிற இடத்தில் கவிழ்ந்ததையும், நீ கடைசி நொடியில் குதித்ததையும் பார்த்தேன். அந்தக் கோதுமை பனியில் போயிற்றே என்று இங்கே படுத்துக்கொண்டு நினைக்கிறேன்.

போலீஸிடம் பொய்ப் பேர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். நாற்பத்தொன்றையும் அடித்துவிட்டார்களாம். இப்போது புத்தகத்தில் முதல் பேர் மச்சானுடையது. இது ஒன்றாவது உனக்குச் செய்தேன்.

இங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும், முடியவில்லை. நீங்கள் வரப்போவது ரெட்மண்டுக்கு எப்படித் தெரிந்தது என்று நீ யோசித்திருப்பாய். உன் கடிதத்தை நான்தான் காட்டினேன். அவன் பயந்துபோய் விட்டுக்கொடுத்துவிடுவான், சண்டையில்லாமல் முடியும் என்று நினைத்தேன். கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தான். "உங்கக்கா கெட்டிக்காரிடா" என்றான். சத்தியமாக அக்கா, விட்டுக்கொடுப்பான் என்றுதான் நினைத்தேன்.

ஈவர்

*

26 நவம்பர்

அக்கா,

பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. வக்கீலும் உனக்கு எழுதினானாம். எழுதிக் கொடுத்தால் செல்லாது, ஆள் நேரில் வந்து கூண்டில் நிற்கவேண்டும் என்கிறான். திங்கட்கிழமை மாலை நாலு மணி ரயிலில் ஏறினால் போதும், விடிந்தால் ரெஜைனா.

பக்கத்து அறையில் ஒருவனை நேற்றுக் கொண்டுபோனார்கள். போகும்போது தன் செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போனான். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. நீ என்னை மன்னிக்கவேண்டாம், வந்தால் போதும்.

ஈவர்

*

ஸ்டேஷன் மேடை
2 டிசம்பர், திங்கள்

ஈவர்,

மேடையில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மசி உறைகிறது, பென்சிலால் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது கோர்ட் முடிந்திருக்கும்.

நான் வரத்தான் இருந்தேன். நேற்றே துணிப் பெட்டியைக் கட்டி வைத்தேன், உனக்குக் கம்பளிக் காலுறைகூட எடுத்து வைத்தேன். உன் கடிதத்தை மூன்றாம் தடவை படித்துவிட்டு அந்தக் காலுறையை அடுப்பில் போட்டேன். பிறகு வேறு ஒரு ஜோடி எடுத்து வைத்தேன்.

ரெட்மண்ட் கையில் கடப்பாரை இல்லை. அதைப் போட்டுவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு நடந்தான். நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய். ஆனாலும் வந்திருந்தால், இருந்தது என்று பைபிள்மேல் கை வைத்துச் சொல்லியிருப்பேன். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. நீ அவனை அடித்த மூன்று அடியும் எனக்கு இனித்தது. நான்காவது அடி நான் அடித்திருப்பேன், அதற்குள் பெட்டி உருண்டுவிட்டது.

என் கடிதத்தை நீ அவனிடம் காட்டியதை நான் மன்னிக்கவில்லை. எழுதியவள் நான், அதனால் என்னையும் மன்னிக்கவில்லை. தோர்வால்ட் சாக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பேச முயன்றபோதெல்லாம் வாயில் ரத்தம் குமிழிட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் புரிந்தது. "கோதுமை" என்றார்.

இன்று பத்து மணிக்குப் பெட்டி வந்தது. ஒன்றே ஒன்று. ஏரி உறைவதற்குமுன் இதுதான் கடைசி என்றார் பிங்ஹாம். முதல் பேர் தோர்வால்ட். ஆனால் பிங்ஹாம் தரமாட்டேன் என்று அடம்பிடித்தார்.

"அவர்தான் செத்துட்டாரேம்மா. செத்தவங்க பேர அடிக்கணும், அதான் ஒழுங்கு."

"எங்கப்பா செத்துப் பதிமூணு வருஷமாச்சு. அவருக்குப் பெட்டி குடுத்தவர்தானே நீங்க? இவர் செத்து ஒரு மாசம்தான் ஆகுது."

மக்கரெய்க்கு ஒரு கண் போய்விட்டது, மற்ற கண்ணால் பிங்ஹாமைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. பிங்ஹாம் புத்தகத்தை மூடி, "சரி, எடுத்துக்கங்க. ஆனா வாரிசுன்னு நீங்கதான் கேக்குறீங்க. ஏத்தி முடிச்சு, கதவுக்கு முத்திரை வெச்சு, நீங்க கையெழுத்துப் போடுற வரைக்கும் இங்கயே இருக்கணும். எடத்த விட்டு நகந்தீங்கன்னா அடுத்த பேரு" என்றார்.

"அடுத்த பேரு யாரு?"

"கம்பெனி. உங்க ஆளுங்க எட்டுப் பேரும் அதுக்கும் பின்னாலதான்."

ஆறு மைல் பனியில் ஒவ்வொரு வண்டியும் இரண்டு தடவை வந்தால்தான் பெட்டி நிறையும். நாளைக் காலை பத்து மணிவரை நேரம். உன் ரயில் இன்று நாலு மணிக்கு.

நீ அந்தப் பேர்களை ஒப்புக்கொண்டிராவிட்டால் இந்தப் பெட்டி இன்று எனக்கு வந்திருக்காது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். மக்கரெய் பெண்சாதி என் தோளைப் பிடித்து உலுக்கி, "போடி, போய்த் தம்பியப் பாரு, கோதுமை போனாப் போகுது" என்றாள். அவளை ஓங்கி அறைந்துவிட்டேன். பாவம், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சற்றுமுன் உன் ரயில் வந்து நின்றது, கிளம்பிப் போயிற்று. கார்டு என்னைப் பார்த்து, "ஏறலையாம்மா?" என்று கேட்டார். பெட்டிக்குள் இருந்தேன், முழங்கால்வரை கோதுமை. இல்லை என்று தலையாட்டினேன்.

நான்காவது வண்டி வந்துவிட்டது. வாரியை எடுக்கவேண்டும்.

உன் அக்கா,
மாரித்